சீனத்து வீராங்கனைக்கு நான் செய்த கவசம்

பஹ்ரைனில் நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சித்ராவில் இரண்டு பெரிய குடோன்கள். மனாமாவில் ஏழு மாடிக் கட்டடம் ஒன்று. அதில் படிக்கட்டு வளைந்து ஏறும் இடத்துக்குப் பலகை அடித்தவன் நான். படம் போட்டவர்களே இந்த வளைவு வராது என்று கையை விரித்தபோது, தரையில் ஆணி அடித்து, நூல் கட்டி, வட்டம் போட்டுக் காட்டினேன். ஒரு பள்ளிவாசலின் குவிமாடத்துக்கு உள்பக்கம் சாரம் கட்டினேன். கடலுக்குள் இறங்கும் கான்கிரீட் சுவருக்கு இடுப்பளவு தண்ணீரில் நின்று அச்சு நிறுத்தினேன். குதைபியாவில் ஒரே தெருவில் மூன்று வீட்டு வாசற்கதவு என் கை இழைத்தது. படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி வருஷம் பாதி நாள் போகவில்லை. ஆங்கிலம் கிடையாது, அரபி கிடையாது, இந்தி அரைகுறை. எட்டுப் பேர் படுக்கும் அறையில் பதினாலு பேர். ஜூலை மாதத்தில் இரும்புக் கம்பியைத் தொட்டால் தோல் கம்பியோடு போய்விடும். அதற்குள் நின்றுகொண்டுதான் இத்தனையும் கட்டினேன்.

ஆனால் நான் கட்டியதிலேயே பெரியது ஒரு கட்டடம் அல்ல. ஒரு சீனத்துப் பெண். எண்ணெய் டின், கட்டுக்கம்பி, சாக்கு, இரும்புக்கு அடிக்கும் சிவப்பு பிரைமர் பெயிண்ட், ஒரு சேஃப்டி ஹெல்மெட். இவற்றைக் கொண்டு அவளைக் கட்டினேன். ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகல், ஒரு மணி நேரம் மட்டும் அவள் நின்றாள். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி யாரும் சரியாக எழுதவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

எழுபதுகளின் பாதி. எண்ணெய் விலை ஏறி, தீவு முழுக்கத் தோண்டிப் போட்டுக் கிடந்தது. எங்கள் கேம்ப் சித்ரா பக்கம். கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் ஷட்டரிங் மேஸ்திரியான எனக்குக் கீழே நாற்பது பேர். வாரத்தில் ஆறு நாள் வேலை இருக்கும், அது பிரச்சினை இல்லை. ஏழாவது நாள்தான் என்னைக் கொன்றது. என் கால் ஓரிடத்தில் நிற்காது. வெள்ளிக்கிழமை வந்தால் கேம்ப்பை நாலு சுற்று சுற்றுவேன், யாருடைய கட்டில் காலாவது ஆடினால் ஆப்பு வைப்பேன், கதவைக் கழற்றி மறுபடி மாட்டுவேன். "அண்ணே, ஒக்காருங்கண்ணே, பாக்குற எங்களுக்குக் கால் வலிக்குது" என்பார்கள். உட்கார்ந்தால் ஊர் ஞாபகம் வரும். அதற்கு நடப்பதே மேல்.

சைட்டில் கிரேன் ஓட்டியவர் ஒரு சீனர். பினாங்குக்காரர். ரப்பர் எஸ்டேட்டில் தமிழர்களோடு வளர்ந்தவர், நன்றாகத் தமிழ் பேசுவார், அவர் ஊர் வழக்கப்படி நடுநடுவே ஒரு 'லா' போட்டு. அவரைத் தவுக்கே என்று கூப்பிட்டோம். அவர் ஊரில் முதலாளி என்று அர்த்தமாம். மதியச் சாப்பாட்டை கிரேன் நிழலில் இருவரும் சேர்ந்து சாப்பிடுவோம். ஒருநாள் அவர்தான் சொன்னார்.

"எங்க பழைய கதை ஒண்ணு இருக்கு லா. ஒரு பொண்ணு. அப்பாவுக்கு வயசாச்சு, நடக்க முடியாது. தம்பி சின்னது. ராஜா கிட்டேருந்து கடுதாசி வந்திருச்சு, சண்டைக்கு வீட்டுக்கு ஒரு ஆள் வரணும்னு. அவ என்ன பண்ணா? அப்பா சட்டையைப் போட்டுக்கிட்டா. தலைமுடியைக் கட்டிக்கிட்டா. குதிரை வாங்கினா. போயிட்டா லா."

"பொம்பளைன்னு யாருக்கும் தெரியலையா?"

"பன்னெண்டு வருசம்! கூடவே தின்னு, கூடவே தூங்கி, கூடவே சண்டை போட்டவனுக்கும் தெரியல. ஜெயிச்சு வந்தா. ராஜா கேட்டாரு, உனக்குப் பெரிய உத்தியோகம் தரேன், வேணுமா? வேணாம் சொல்லிட்டா. ஒரு ஒட்டகம் குடு, வீட்டுக்குப் போறேன்னா."

சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டேன். வீட்டுக்கு ஒரு ஆள். எங்கள் கேம்ப்பில் படுத்திருந்த அத்தனை பேரும் அப்படித்தானே வந்தார்கள்? நடக்க முடியாத அப்பன் ஒருவனுக்குப் பதில், சின்னத் தம்பி ஒருவனுக்குப் பதில். அன்று மாலை முழுக்க நடந்தேன். மூன்றாவது சுற்றில் முடிவு செய்துவிட்டேன், இதை மேடையில் ஏற்றுவது என்று.

வாய்ப்பு தானாக வந்தது. குதைபியாவில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் சங்கம் ஒன்று வைத்திருந்தார்கள். பேங்க்காரர்கள், கணக்கர்கள், எஞ்சினியர்கள். பொங்கல் விழாவுக்கு எங்களையும் கூப்பிடுவார்கள். அவர்களுக்கு நாற்காலி, எங்களுக்குப் பாய். அந்த வருஷம் ஒரு பள்ளிக்கூட முற்றத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். மேடை இல்லை. சங்கத்துச் செயலாளர் காரில் கேம்ப்புக்கே வந்தார்.

"மேஸ்திரி, ஒரு ஸ்டேஜ் போட்டுக் கொடுக்கணுமே."

"போடறேன் சார். டிராமா எங்களோடது."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கதையைச் சொன்னேன். பொங்கலுக்குச் சீனக் கதையா என்றார். உங்கள் விழாவில் போன வருஷம் வந்த ஷேக்ஸ்பியர் நாடகம் மட்டும் தஞ்சாவூரா என்று கேட்டேன். ஒட்டகம் வரும் இடத்தில் மறுபடி பிடித்துக்கொண்டார். "சீனாவுல ஏது மேஸ்திரி ஒட்டகம்?" பக்கத்தில் நின்ற தவுக்கே, "வடக்கே இருக்கு லா. நீங்க போய்ப் பார்த்தீங்களா?" என்றதும் அடங்கினார். கடைசியில் ஒன்று சொன்னார், அதை நான் மறக்கவில்லை.

"நம்ம லேடீஸ் யாரும் மேடை ஏற மாட்டாங்க. கேம்ப் ஆளுங்க முந்நூறு பேர் வருவீங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் சரி சார் என்றேன். கதாநாயகியை கேம்ப்பிலேயே தேடிக்கொள்ளலாம், தெருக்கூத்தில் ஆண்தானே பெண் வேஷம் கட்டுகிறான்.

எனக்குக் கதை சொல்ல வரும், எழுத வராது. எங்கள் சைட் எஞ்சினியரின் மனைவி எழுதிக் கொடுப்பதாக ஏற்பாடு. மெட்ராஸ்காரர், கல்யாணமாகி ஒரு வருஷம். அவர் வீடு குதைபியாவில், இரண்டாவது மாடியில். வெள்ளிக்கிழமை காலையில் அந்த ஹாலில்தான் ஒத்திகை. எஞ்சினியர் ஓரமாக உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அந்த அம்மா நோட்டை வைத்துக்கொண்டு, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுப்பார். விழா அன்றைக்கும் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அவர்தான் எடுத்துக்கொடுப்பது என்று சங்கம் அனுமதித்திருந்தது. குரல் வரலாம், ஆள் தெரியக் கூடாது.

வீராங்கனைக்கு நான் பிடித்த ஆள் எங்கள் பிளம்பர். ராமநாதபுரத்து ஆள். ஒல்லி, நல்ல உயரம், முகவெட்டு. ஒரே தடை, மூக்குக்குக் கீழே முறுக்கிவிட்ட மீசை.

"எடுத்துடுறா. ரெண்டு மாசத்துல வளந்துரும்."

"எங்கப்பா உசுரோட இருக்காருண்ணே."

அவன் சொன்னது எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவன் மீசையை மழித்தால், அப்பனுக்கோ ஆத்தாளுக்கோ கொள்ளி வைத்துவிட்டு வந்தவன் என்று அர்த்தம். மழித்த முகத்தோடு தெருவில் போனால் எதிரே வருபவர் நின்று, யார் தவறியது என்று கேட்பார். உயிரோடு இருக்கும் அப்பனுக்கு மீசை எடுப்பது அவர் சாவைக் கூப்பிடுவது மாதிரி. பிளம்பரை எவ்வளவு மிரட்டினாலும் அசையவில்லை. அறையில் இருந்தவர்கள் வேறு ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஏன்டா, சீனாக்காரிக்கு மீசை இருக்குமா?"

"அவதான் ஆம்பளை வேஷம் போட்டவளாச்சே மாமா. இருக்கும்."

"அப்ப கடைசியில பொம்பளையா வர்றப்ப?"

அங்கேதான் எல்லோரும் நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. யோசனை என்னுடையது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சேஃப்டி ஹெல்மெட்டின் மூன்று பக்கமும் தகர மடல் தொங்கவிட்டேன், கன்னமும் கழுத்தும் மறையும்படி. வாய்க்குக் குறுக்கே சிவப்புத் துணி. குளிர்நாட்டுப் போர்வீரன் கட்டுவான் என்று வசனத்திலேயே சேர்த்தோம். கண் மட்டும்தான் தெரியும். கடைசிக் காட்சியில் அவள் ஜனங்களுக்கு முதுகு காட்டி, ராஜாவைப் பார்த்து நின்று, துணியை அவிழ்த்து, ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டியது, சவுரி முதுகில் விழ வேண்டியது, அதோடு திரை. முகம் தெரியாது, மீசையும் பிழைக்கும். ராஜா வேஷம் எனக்கு.

கவசம் முழுக்க என் கை வேலை. மெஸ்ஸில் காலியான எண்ணெய் டின்களை வெட்டி, வெற்றிலை அளவுக்குத் துண்டு போட்டு, ஓரம் மடித்துத் தட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஓட்டை குத்தி, சாக்கின்மேல் மீன் செதில் மாதிரி கட்டுக்கம்பியால் கட்டினேன். வேலை முடிந்து வந்து தினமும் முற்றத்தில் உட்கார்ந்து கட்டினேன். ஆறு வாரம் என் கால் நடக்கவே இல்லை, அதுவே அதிசயம். பிறகு பிளைவுட்டில் ஒட்டகம், சாரத்துச் சக்கரம் வைத்தது. தள்ளினால் ஓடும்.

மூன்றாவது ஒத்திகையோ நாலாவதோ, எஞ்சினியர் கீழே கடைக்குப் போயிருந்தார். பிளம்பர் தளபதி நடை நடந்து காட்டினான். பைப் கசிகிறதா என்று பார்க்கப் போகிற நடை. அந்த அம்மா நோட்டைக் கீழே வைத்தார்.

"இப்படி இல்லை. பாருங்க."

நடந்தார். ஹாலின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும்தான். தோள் வேறு, குதிகால் வேறு, கண் வேறு. நாங்கள் ஐந்தாறு பேர் தரையில் உட்கார்ந்திருந்தோம், எங்களை அறியாமல் எழுந்து நின்றுவிட்டோம்.

"காலேஜ்ல நாலு வருஷமும் நான்தான் ராஜா" என்றார். "எங்களது பொம்பளைங்க காலேஜ். ஆம்பளை வேஷத்துக்கு எங்களை விட்டா யாரு? ஹைட்டா இருந்தேன், குரலும் தடி. மையால மீசை வரைஞ்சா போதும்."

பிறகு, மற்றவர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, ஜன்னலோரம் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "மார்ச்ல என்னை ஊருக்கு அனுப்பிடறதா இருக்கார் மேஸ்திரி. எனக்கு இங்க மனசு ஒட்டலையாம், சும்மா சும்மா ஜன்னல்கிட்டயே நிக்கறேனாம். தப்பா சொல்லலை. நான் நிக்கறேன்தான். அதுக்கு முன்னாடி ஒரு தடவை மேடைல நின்னுட்டா... ஒரே ஒரு தடவை."

நிற்க முடியாத கால் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அன்று கேம்ப்புக்கு பஸ்ஸில் போகாமல் பாதி தூரம் நடந்தே போனேன்.

விழா நாள். காலையிலிருந்தே வடக்குக் காற்று. திரைச்சீலை வயிறு உப்பியது, ஒட்டகம் தானாக உருண்டது. இரண்டு மணிக்கு கேம்ப் ஆட்கள் லாரியில் வந்து இறங்கிவிட்டார்கள். முன்வரிசை நாற்காலியில் பெரிய மனிதர்கள், எஞ்சினியரும் அங்கேதான். பிளம்பரைக் காணோம். நான் வாசலுக்கும் மேடைக்கும் நடந்து நடந்து மணலில் பள்ளமே விழுந்துவிட்டது.

சைட்டிலிருந்து பிக்கப் ஓட்டும் பட்டாணிய டிரைவர் தனியாக வந்தார். "பிளம்பர் நஹி ஆயேகா, பாய். கான்கிரீட் சாலு ஹை. ஃபோர்மேன் போலா, மாஃபி." வெள்ளிக்கிழமை என்றும் பாராமல் காலையில் அவசரமாக ஆரம்பித்த கான்கிரீட் இன்னும் முடியவில்லை, ஸ்லாபுக்குள் போகும் பைப்பை, கொட்டி முடியும் வரை பார்த்துக்கொள்ள பிளம்பர் வேண்டும், விட மாட்டேன் என்றுவிட்டார் ஃபோர்மேன். கான்கிரீட் யாருக்காகவும் காத்திருக்காது, அது எனக்கே தெரியும். உள்ளே ஓடினேன்.

ஒரு வகுப்பறையைத்தான் வேஷம் கட்டும் அறையாக வைத்திருந்தோம். உள்ளே அந்த அம்மா மட்டும் நோட்டோடு இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். நோட்டை மூடினார்.

"நான் போட்டுக்கறேன்."

"எதைம்மா?"

"கவசத்தை."

"அய்யய்யோ. சார் முன்வரிசையில இருக்காரு. தெரிஞ்சுதுன்னா உங்களை மார்ச் வரைக்கும்கூட வெக்க மாட்டாரு. நாளைக்கே பிளேன் ஏத்திடுவாரு. எனக்கும் சேத்து டிக்கெட் எடுப்பாரு."

"அவர் பிளம்பரைப் பார்ப்பார். எல்லாருமே பிளம்பரைத்தான் பார்ப்பாங்க. நீங்க செஞ்ச ஹெல்மெட்தானே, அது மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

இப்படிக் கேட்டால் நான் என்ன செய்வேன்? என் வேலை மேல் எனக்கு நம்பிக்கை இல்லையென்று எவனும் சொன்னதில்லை. ஒரே நிபந்தனை போட்டேன். "கடைசி சீன்ல திரும்பக் கூடாது. முதுகுதான்."

"திரும்ப மாட்டேன்."

புடவைக்குப் பதில் பிளம்பரின் பேண்ட், சட்டை, அதன்மேல் சாக்கு, அதன்மேல் என் தகரம். கம்பியை நான் கட்டவில்லை, தவுக்கேயைக் கூப்பிட்டேன். அறுபதை நெருங்கும் மனுஷர். "இறுக்கமா இருக்கா?" என்று மட்டும் கேட்டுக் கட்டினார். நடிக்கும் மற்ற ஆட்களிடம் பிளம்பர் வந்துவிட்டான், தொண்டை கட்டியிருக்கிறது, யாரும் பேச்சுக் கொடுக்காதீர்கள் என்றேன். திரையின் கயிறு தவுக்கே கையில். எடுத்துக்கொடுக்க ஆள் கிடையாது. யாருக்காவது வசனம் மறந்தால் அம்போ.

திரை ஏறியது.

நான் பல நாடகம் பார்த்திருக்கிறேன். அதைப் போல் ஒன்று பார்த்ததில்லை. ஒயர் இழுக்கும் கண்டியூட் பைப்பில் செய்த ஈட்டியை அவர் சுற்றிய சுற்றில், எதிரிப்படையாக நின்ற எங்கள் கம்பி கட்டும் ஆட்கள் நிஜமாகவே பின்வாங்கினார்கள். ஒருவன் பயத்தில் தன் வசனத்தோடு அவர் வசனத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டான். காற்றில் மைக் உறுமியது, துணிக்குள்ளிருந்து வந்த அந்தத் தடித்த குரல் யாருடையது என்று கண்டுபிடிக்க ஆண்டவனாலும் முடியாது. பாயிலிருந்து ஒரே கூச்சல்.

"நடையப் பாருடா மச்சான்!"

"நம்ம பிளம்பருக்குள்ள இம்புட்டு ஆம்பளை இருந்திருக்கான் பாரேன்!"

"டேய் பிளம்பரு, எங்க பாத்ரூம் பைப்பையும் இப்புடிக் குத்துடா!"

நான் திரையோரம் நின்று எஞ்சினியரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் உள்ளங்கை வேர்த்து ராஜாவின் கிரீடம் வழுக்கியது.

கடைசிக் காட்சி. நான் சிம்மாசனத்தில், ஜனங்களைப் பார்த்து. அவர் எனக்கு எதிரே, ஜனங்களுக்கு முதுகு காட்டி. என்ன வேண்டும் தளபதியே என்றேன். பதவி வேண்டாம், வீட்டுக்குப் போக ஓர் ஒட்டகம் போதும் என்றார். ஒட்டகத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர் துணியை அவிழ்த்தார், ஹெல்மெட்டைக் கழற்றினார். சவுரி இல்லை அது, சொந்த முடி. இடுப்பு வரைக்கும் விழுந்தது. தவுக்கே கயிற்றை விட வேண்டிய நேரம். அவர் முகத்தை நான் ஒருவன்தான் பார்த்தேன். கன்னமெல்லாம் துரு, உதட்டுக்கு மேல் வியர்வை. கண்ணைப் பார்த்த நொடியே தெரிந்துவிட்டது.

"வேணாம்மா" என்றேன், வாய் அசையாமல்.

திரும்பினார்.

திரை விழவில்லை. தவுக்கே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கிரேனில் பாரம் தொங்கும்போது நிற்பாரே அப்படி. நானூறு பேர் முன்னால், முகத்தைக் காட்டி, நேராக நின்றார் அந்த அம்மா. சத்தமே இல்லை. காற்று மட்டும். எல்லாம் முடிந்தது, நாளைக்கு பிளேன் என்று நினைத்தேன்.

பாயின் நடுவிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"டேய்! மீசைய எடுத்துட்டான்டா!"

அவ்வளவுதான். முற்றம் இடிந்து விழுந்தது. விசில், கைத்தட்டு, சந்தோஷத்தில் செருப்பை மேலே வீசியவர்கள் உண்டு. சத்தியமாகச் சொல்கிறேன், முந்நூறு பேரில் ஒருவனும் பெண்ணைப் பார்க்கவில்லை. துரு அப்பிய முகத்தில் மீசை இல்லாத பிளம்பரைப் பார்த்தார்கள், முடியைச் சவுரி என்று எடுத்துக்கொண்டார்கள். நாற்காலி வரிசையும் அதையே நம்பியது என்றுதான் அப்போது நினைத்தேன். ஆறு வாரமாக எடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தவன் நாடகத்துக்காக எடுத்துவிட்டான், அதற்குத்தான் அந்தக் கைத்தட்டு. ஒரு வயசான கொத்தனார் மட்டும் பக்கத்து ஆளிடம் கவலையாகக் கேட்டது எனக்குக் கேட்டது. "அவங்கப்பனுக்கு என்னமும் ஆயிருச்சாப்பா? தகவல் வந்துச்சா?"

அதற்குப் பிறகுதான் தவுக்கே திரையை விட்டார். அம்மா உள்ளே ஓடினார். நான் வெளியே ஓடினேன், ராஜா வேஷத்தோடு. ஏனென்றால் எந்த நேரமும் நிஜ பிளம்பர் மீசையோடு வாசலில் வந்து இறங்கலாம். விழா முடிவில் நன்றாக நடித்தவருக்குப் பரிசு கொடுக்கப்போகிறார்கள், பெயரைச் சொல்லிக் கூப்பிடப்போகிறார்கள்.

வந்து இறங்கினான். பேண்ட்டெல்லாம் சிமெண்ட். "முடிஞ்சிருச்சாண்ணே?" என்று அழுகிற மாதிரி கேட்டான். அவனைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். "டேய், ஒண்ணும் கேக்காத. மீசைய எடுத்துரு."

"என்னண்ணே, நாடகந்தான் முடிஞ்சிருச்சுல்ல."

"முடிஞ்சதாலதான் சொல்றேன்."

அவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். கிரீடம் வேறு இருந்தது தலையில். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். உனக்குப் பதிலாக மேடையில் நின்றது யார், திரும்பி முகம் காட்டியது யார், ஜனங்கள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மீசையோடு நீ உள்ளே போனால் அந்த அம்மாவின் கதி என்ன.

அவன் தொட்டிச் சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தான். மீசையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். "எங்கப்பாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாருண்ணே பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்டா."

"நீங்க என்னத்தச் சொல்லுவீங்க." பேண்ட்டில் ஒட்டிய சிமெண்டைச் சுரண்டினான். "எனக்கு எழுத்துக்கூட்டித்தாண்ணே படிக்க வரும். அந்தம்மா ஒவ்வொரு வரியும் பத்துத் தடவை சொல்லிக் குடுத்துச்சு. ஒரு நாளும் சலிச்சுக்கல." பிறகு கையை நீட்டினான். "பிளேடக் குடுங்க."

வேஷப் பெட்டியிலிருந்து பிளேடு கொண்டுவந்தேன். சோப்பு இல்லை. குழாய்த் தண்ணீர் தொட்டு அவனே மழித்தான். உதட்டின் மேல் இரண்டு இடத்தில் ரத்தம். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். தவுக்கே கவசத்தைக் கொண்டுவந்து அவன்மேல் மாட்டினார். அவர் கொண்டுவரும்போது தகரம் இன்னும் சூடாக இருந்தது.

செயலாளர் மைக்கில் அவன் பெயரைச் சொன்னார். ஏறினான். வெள்ளிக் கோப்பை கொடுத்தார்கள். முகத்தைக் குனிந்தே வாங்கினான். அடக்கமான ஆள் என்று அதற்கும் கைதட்டினார்கள். கோப்பையைக் கொடுத்தவர், நிஜப் பெண்கூட இப்படி நிற்க மாட்டாள் என்று பேசினார். அந்த அம்மா புடவையில், நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பெண்கள் வரிசையின் கடைசியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எஞ்சினியர் கிளம்பும்போது என்னிடம் வந்தார். "நல்லா இருந்தது மேஸ்திரி. என் மிஸஸ் உள்ளதானே இருந்தா? சத்தமே கேக்கலையே."

"யாரும் வசனத்தை மறக்கல சார்."

"ம்" என்றார்.

கேம்ப்பில் பிளம்பர் பட்டது கொஞ்சமில்லை. முதல் இரண்டு நாள் துக்கம் விசாரித்தார்கள். அப்பா நன்றாக இருக்கிறார் என்றதும் திட்ட ஆரம்பித்தார்கள், கோப்பைக்காகப் பெற்ற அப்பனுக்கு உயிரோடு கொள்ளி வைத்தவன் என்று. அந்தக் கொத்தனார் அவனோடு ஒரே சாப்பாட்டு வரிசையில் உட்காரவே இல்லை. மீசை வளரும் வரை வாய்க்கு மேல் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வேலைக்கு வந்தான். ஊரிலிருந்து கடிதம் வரும் நாளெல்லாம் அவனைவிட நான்தான் வாசலில் நின்றேன். அப்பா அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தார், நல்லவேளை. அவன் ஒரு வார்த்தை வெளியே விடவில்லை.

இத்தனை வருஷம் நானும் விடவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். இப்போது எழுதுவதற்கு முன், விசாரித்து நம்பர் வாங்கி, அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க மேஸ்திரி. என் பேர் மட்டும் வேண்டாம்."

"சாருக்குக் கடைசி வரைக்கும் தெரியாதுல்லம்மா?"

சிரித்தார். "அன்னைக்கே தெரியும். கார்ல ஒரு வார்த்தை பேசலை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம், அப்பவும் பேசலை. காலைல பேப்பரைப் பார்த்துண்டே, 'கழுத்துல தகரம் கிழிச்சிருக்கு, மருந்து போட்டுக்கோ'ன்னார். அவ்வளவுதான். மார்ச் பத்தி அப்புறம் அவர் எடுக்கவே இல்லை."

தகரம் கிழித்திருக்க முடியாது. ஒவ்வொரு ஓரத்தையும் மடித்துத் தட்டியிருந்தேன். கம்பி முனை வேண்டுமானால் குத்தியிருக்கலாம், அதைக் கட்டியவர் தவுக்கே. அது இருக்கட்டும். அந்த அம்மா மார்ச்சில் போகவில்லை, அதற்கப்புறம் நாலு வருஷம் அங்கே இருந்தார், மூன்று நாடகம் எழுதினார். இரண்டாவதில் அவரே நடித்தார், பெயரை அறிவித்தே மேடை ஏற்றினார்கள். சங்கத்தின் விதி அங்கேதான் உடைந்தது.

சங்கத்தார் இப்போது தங்கள் வரலாற்றை மலராகப் போட்டிருக்கிறார்கள். ஒரு பிரதி என் கைக்கும் வந்தது. சீன நாடகத்துக்கு நாலு வரி. "பிளம்பர் ஒருவர் பெண் வேடமேற்று மீசையைத் துறந்து நடித்து வெள்ளிக் கோப்பை பெற்றார்." அப்புறம், "மேடை உதவி: கேம்ப் தொழிலாளர்கள்."

பிளம்பருக்குக் கோப்பை சரிதான், அவன் கொடுத்ததற்கு அது குறைச்சல். அந்த அம்மாவுக்குப் பெயர் வேண்டாமாம். அது அவர் இஷ்டம், மதிக்கிறேன். தவுக்கே கேட்க உயிரோடு இல்லை. ஆனால் என் பெயர் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. கதையைக் கேட்டு வந்தவன் நான், மேடையை அடித்தவன் நான், முகம் மறைக்கும் ஹெல்மெட்டை யோசித்தவன் நான், பிளேடு கொண்டுவந்தவன் நான். அந்த ஹெல்மெட் இல்லையென்றால் அவர் ஏறியிருக்கவே முடியாது. மலரின் அடுத்த பதிப்பில் "கேம்ப் தொழிலாளர்கள்" என்பதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் என் பெயரை, அப்பா பெயரின் முதல் எழுத்தோடு, கொட்டை எழுத்தில் போட வேண்டும். கீழே, கதை, கவசம், மேடை, ஒட்டகம், ராஜா என்று ஐந்தையும் தனித்தனியாகப் போட வேண்டும்.